வாடைக்கரை லைன்

கேட்வே பெட்டியின் முன்மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று மதுமதியின் முகத்தில் பட்டது. அதில் உப்பு வாசம் இருந்தது. ஏசி போட்டுக் கதவடைத்த அறை, அதற்குள் பூட்டிய இரும்பு அலமாரி, அதற்குள் இந்தப் பெட்டி. இவ்வளவையும் தாண்டிக் கடல் எப்படி உள்ளே வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. கார்டுகளின் ஓரங்களில் பொடிப்பொடியாக வெள்ளை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை.

அக்காள்மடத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கிச் சற்று உள்ளே போனால் வரும் அந்த மஞ்சள் கட்டடம் நாட்டுப்படகு மீனவர் சங்கத்தினுடையது. மாடியில் தகவல் அறை. அக்காள்மடம் இருக்கும் தீவின் வடகரையில் ஒரு கோபுரம், தென்கரையில் ஒரு கோபுரம். வள்ளங்களில் இருப்பவர்கள் வயர்லெஸ் செட்டில் பேசினால் அந்தக் குரல் கோபுரத்துக்கு வந்து, அங்கிருந்து கம்பி வழியாக இந்தக் கேட்வே பெட்டிக்குள் இறங்கி, அறையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பவரின் காதுக்குப் போகும். பெட்டிக்குள் ஒரு கோபுரத்துக்கு ஒரு கார்டு. இரண்டுமே நைந்துவிட்டன. மழைக்காலத்தில் ஒன்று தும்மும், இன்னொன்று மயங்கும். அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சொருகிவிட்டு வரச் சொல்லி மதுமதியை இராமநாதபுரத்திலிருந்து கம்பெனி அனுப்பியிருந்தது.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள் அவள். கடலை அவள் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அன்று காலை பாலத்தைத் தாண்டும்போதும் பார்த்தாள். மார்கழிப் பனி இன்னும் கலையாமல், எது தண்ணீர் எது வானம் என்று பிரியாமல் கிடந்தது. பேருந்து எதன்மீதும் ஓடாமல் நடுவில் மிதந்துபோவது போலிருந்தது. அந்த மிதப்பு அறைக்கு வந்த பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. ஏசியின் முனகல், பெட்டியின் விசிறிகள் சுழலும் ஓசை, நடுநடுவே மாஷிதாவின் தணிந்த குரல். எல்லாம் சேர்ந்து கண்ணை இழுத்தன.

மாஷிதாதான் அந்த அறையில் ஹெட்செட் மாட்டியிருப்பவள். மதுமதியைவிடச் சில வயது மூத்தவள். அவள் கணவன் இர்பானும் கடலுக்குப் போகிறவன். இன்றும் போயிருந்தான்.

“வேணும்னா ஏசியை நிறுத்திட்டு அந்த ஜன்னலைத் தொறந்து வச்சுக்கலாம் தங்கச்சி, இப்ப ஒண்ணும் செய்யாது. சோளகத்துலதான் தொறக்க முடியாது, அறை பூராம் மண்ணாப்போகும்” என்று அவள் காலையில் சொன்னபோது, மதுமதி எட்டிப் பார்த்துவிட்டு, “இங்கன எங்கக்கா இருக்கு சோளக்கொல்லை?” என்று கேட்டாள்.

மாஷிதா ஒரு கணம் விழித்தாள். பிறகு மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். “அடி என் செல்லமே! சோளமும் இல்ல, கொல்லையும் இல்ல. சோளகம்! தெக்கத்திக் காத்து.” அதோடு விடாமல் மைக்கை அழுத்தி, “கேட்டீகளா சங்கதிய? ராம்நாட்டுல இருந்து வந்திருக்கிற இஞ்சினியர் பொண்ணு, நம்ம ஊருல சோளக்கொல்லை எங்கனன்னு கேக்குது” என்றாள்.

பதிலுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று மதுமதிக்குக் கேட்கவில்லை. ஹெட்செட்டைக் காதோடு அமுக்கிக்கொண்டு மாஷிதா குலுங்குவது மட்டும் தெரிந்தது. எங்கோ கண்ணுக்கெட்டாத தண்ணீரில், முகம் தெரியாத ஆண்கள் தன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் வரவில்லை. ஆனால் இனி இங்கே எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

மதியம் அவள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாஷிதாவின் குரல் மாறியது.

“என்ன மச்சான், நின்னுபோச்சா?… வலைக்கயிறு எதுவும் சுத்திக்கிச்சா?… சரி, பாருங்க. அதுக்கு முன்னாடி எங்கன நிக்கிறீகன்னு ஜிபிஎஸ் நம்பரைச் சொல்லுங்க… சரி சரி, பாத்துட்டே சொல்லுங்க.”

ஹெட்செட்டை எடுத்துவிட்டுக் கரையில் இருந்த சங்கச் செயலாளர் அப்துல் ஹமீதுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் குரலில் பதற்றமில்லை. எஞ்சின் நிற்பது மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறதுதான். “லுஹர் தொழுதுட்டு வந்துடுறேன். மேசையில இந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா கடல்லயிருந்து கூப்பிடுறாகன்னு அர்த்தம், ஒரு சத்தம் குடுங்க” என்று மதுமதியிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மேசைப் போன் அடித்தது. மதுமதி எடுத்தாள்.

“மாஷிதா எங்கன?” ஹமீதின் குரல். பின்னால் காற்றும் காகங்களும்.

“தொழுகைக்குப் போயிருக்காங்க சார்.”

“சரி, நீங்களே கேட்டுக்கங்க தங்கச்சி. இர்பான் வள்ளம் எஞ்சின் செத்து நிக்கிது. அவன் நம்பர் சொன்னதும் இங்கனயிருந்து ஆளை அனுப்பணும். அதுனால வாடைக்கரை லைன்ல மட்டும் கைய வச்சுறாதீக. மத்த லைன் சும்மாதான் கெடக்கு. அதை மாத்துறதுன்னா மாத்துங்க.”

“வாடைக்கரைதானே சார்? தொடவே மாட்டேன்” என்றாள் மதுமதி.

போனை வைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. வாடை தெரியாதா? மார்கழியில் வடக்கிலிருந்து வரும் காற்று. ஊரில் அய்யா வாடைக்குப் பயந்து வடக்குப் பக்கத்து ஜன்னலில் சாக்கைக் கட்டுவார். வாடைக்கரை என்றால் வடகரை. சொன்ன உடனே புரிந்துகொண்டாள், யாரையும் கேட்கவில்லை.

உடம்பின் மின்சாரம் கார்டில் பாயாதிருக்க மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டினாள். மேல் ஸ்லாட்டில் ‘வடக்கு’, கீழ் ஸ்லாட்டில் ‘தெற்கு’ என்று எழுதியிருந்தது. வடக்கை விட்டுவிட்டுத் தெற்குக் கார்டின் இரு ஓரத்துத் திருகுகளையும் தளர்த்தினாள். பிடிகளை வெளிப்பக்கம் மடக்கியதும் கார்டு லேசாக முன்னே வந்தது, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப் போல. இழுத்து எடுத்தாள். வெள்ளைப் பொடி மடியில் உதிர்ந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கறுத்த வாய். அதற்குள் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கடைசியில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். தூரிகையால் துடைத்தாள்.

புதிய கார்டைப் பையிலிருந்து எடுத்தபோது அதில் எந்த வாசமும் இல்லை. இரு பக்கத்துத் தடங்களிலும் பொருத்தி மெல்லத் தள்ளினாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்த கணம் இதுதான். பாதி தூரம் கார்டு தன்னிஷ்டத்துக்குப் போகும். கடைசியில் ஒரு தடை. அங்கே அவசரப்படக்கூடாது. இரு கட்டைவிரல்களையும் சமமாக வைத்து அழுத்தினால் உள்ளே ஏதோ சம்மதிப்பதுபோல் ஒரு ‘க்ளக்’. கேட்டது. பிடிகளை மூடித் திருகுகளை முடுக்கினாள். கார்டின் நெற்றியில் சிவப்பு எரிந்து அணைந்து, மஞ்சள் வந்தது. இனி அது தானாக விழிக்க வேண்டும்.

மாஷிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து ஹெட்செட்டை மாட்டினாள். மைக்கை அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

“என்ன ஒண்ணுமே கேக்கல? எதைக் கழட்டுனீக?”

“தெக்கு. ஹமீது சார் போன் பண்ணாரு. வாடைக்கரையைத் தொடாதன்னாரு. வடக்கு அப்படியேதான் இருக்கு அக்கா.”

மாஷிதா அவளையே பார்த்தாள். “வாடைக்கரைன்னா தெக்கு” என்றாள் மெல்ல.

“வாடை வடக்குலயிருந்துதானக்கா வரும்?”

“வடக்கயிருந்து வருதுன்னுதான நாங்க தெக்க போறோம்!”

மதுமதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஐப்பசி தாண்டி வாடை எழும்பினால் வடகடல் கொந்தளிக்கும். இந்தச் சனங்கள் வள்ளங்களைத் தென்கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சோளகம் கிளம்பித் தென்கடல் புரளும்போது திரும்பவும் வடகரை. அதனால் அவர்கள் பேச்சில் தென்கரைக்குப் பெயர் வாடைக்கரை. வடகரைக்குப் பெயர் சோளகக்கரை. எந்தக் காற்றுக்குத் தப்பி வந்தார்களோ அந்தக் காற்றின் பெயரையே, ஒதுங்கிய கரைக்கு வைத்துவிட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் தெற்கில் இருந்தன. அவள் பிடுங்கியது தெற்கை.

“பழசை எடுத்துப் போடுங்க. சீக்கிரம்!”

“முடியாதுக்கா. மஞ்சள் எரியிறப்ப இழுத்தா இது செத்துப்போகும். பழசைப் போட்டாலும் அதுவும் முதல்லயிருந்து முழிக்கணும். இதே நேரம்தான் ஆகும்.”

“எம்புட்டு நேரம்?”

“தெரியல. புதுசு. முதல் தடவை ரொம்ப இழுக்கும்.”

மாஷிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். “நம்பர் இன்னும் சொல்லல. தண்ணி தெக்க இழுக்குது. அப்படியே கெழக்கயும் ஒதுங்குச்சுன்னா…” என்று நிறுத்திக்கொண்டாள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இரண்டு நாடுகளின் கடலைப் பிரிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. எஞ்சின் நின்றதால் வந்தேன் என்று கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரிடம் சொல்வது? பிடித்துக்கொண்டு போனால் ஆள் திரும்ப மாதங்கள் ஆகும். வள்ளம் திரும்பாது.

போன் அடித்தது. மாஷிதா கை நீட்டுவதற்குள் மதுமதி எடுத்தாள்.

“நம்பர் வந்துச்சா?” என்றார் ஹமீது. “இங்கன சேதுராமன் வள்ளத்தைக் கெளப்பி வச்சுக்கிட்டு நிக்கிறான்.”

“வரல சார். நான்தான் தப்புப் பண்ணிட்டேன். வாடைக்கரைன்னா வடக்குன்னு நெனச்சுத் தெக்கைக் கழட்டிட்டேன். திரும்ப வரக் கொஞ்சம் நேரமாகும்.”

“யா அல்லாஹ். வாடைக்கரைன்னா ஒலகத்துக்கே தெரியும்னு நெனச்சேன் பாருங்க” என்றார். “கடலு எம்புட்டு அகலம். நம்பர் இல்லாம எந்தத் திசையில அனுப்புறது?” வைத்துவிட்டார்.

மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதன் வேகத்துக்கு மதுமதியின் மூச்சும் போய்வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் பனியோடு கலந்து பாலாகிக் கிடந்தது. ஒரு உடைமரம், அதன்மேல் காயப்போட்ட பச்சை வலைத்துண்டு, எதுவும் அசையவில்லை. தான் எங்கோ ஒரு வண்டியில் போய்க்கொண்டிருப்பதாகவும், இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போய்விட்டதாகவும் அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அதை உதறினாள்.

“அக்கா, அவர் செட்டுல வடக்குச் சானல் இருக்கா?”

“எல்லார் செட்டுலயும் ரெண்டும் இருக்கும். சோளகத்துல அங்கனதான பேசுவோம்.”

“அவர் நிக்கிற இடத்துக்கு வடக்குக் கோபுரம் எட்டுமா?”

“தீவு முனைப் பக்கம்தான் போனாக. எட்டலாம். ஆனா இந்த மாசத்துல அதுல யாரு இருக்கா? எதுக்கு அங்க போவாக?” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவள் முகத்தில் ஏதோ திரும்பியது. “ஒரு கரை ஆகலன்னா மறுகரைக்குத்தான் போவோம்” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மேசையில் இருந்த, லைன் மாற்றும் திருகைத் தெற்கிலிருந்து வடக்குக்குத் திருப்பினாள். “நீங்களும் கேளுங்க, ரெண்டு காதுக்கு நாலு காது” என்று ஹெட்செட்டின் கம்பியைப் பிடுங்கினாள். ஒலிபெருக்கி உயிர்பெற்றது.

அன்று காலை முதல் அந்த அறையில் இருந்தும் மதுமதி கடலை இப்போதுதான் கேட்டாள். அது அலை ஓசை அல்ல. வெறும் இரைச்சல். உலர்ந்த மிளகாயை ஓயாமல் கோணியில் கொட்டிக்கொண்டே இருப்பது போன்ற, முடிவில்லாத, ஒரே சீரான இரைச்சல். யாரும் இல்லாத வடகடல் முழுவதும் அதற்குள் இருந்தது.

“இர்பான் வள்ளம், இர்பான் வள்ளம், அக்காள்மடம் கூப்பிடுது. வாங்க.”

இரைச்சல்.

“இர்பான் வள்ளம், கேக்குதா? வடக்குல கூப்பிடுறேன்.”

திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு வள்ளம் என்பதை விட்டுவிட்டு மச்சான் என்றாள். அதுவும் தேய்ந்தது. ஒரே வார்த்தையை எத்தனை முறை ஒரு வெறுமைக்குள் போடுவது? கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பியது.

“மச்சான், இன்னைக்கு மின்ஹா தலையைப் பாத்தேன். பேன் புழுத்துக் கெடக்கு. எல்லாம் அந்தப் பக்கத்து பெஞ்சுப் புள்ளகிட்டயிருந்து வந்தது. மொட்டை போட்டுருவேன்னு சொன்னேன், ஒரே அழுகை. வாப்பா வரட்டும், வாப்பாகிட்டச் சொல்லுறேன்னு மெரட்டுது… காலையில மாவு புளிச்சுப்போச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லாமத் தின்னுட்டுப் போயிட்டீக. புளிச்சுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?…”

மைக்கை விட்டுக் கேட்டாள். இரைச்சல். மறுபடி அழுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கூரை ஒழுகுவது, பாய் வாங்க வேண்டியது, நாத்தனார் பேசியது. அவள் குரல் உயரவில்லை. அடுப்படியிலிருந்து முன்னறைக்குப் பேசுகிற குரல். அந்தக் குரல் கம்பிக்குள் போய், மேல் ஸ்லாட்டின் நைந்த கார்டு வழியாக, உப்புப் படிந்த கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, ஒரு வள்ளமும் இல்லாத தண்ணீர்மேல் பரவுவதை மதுமதியால் பார்க்க முடிந்தது. தண்ணீர் அகன்றுகொண்டே போனது. பேன், மாவு, பாய் எல்லாம் அதன்மேல் மிதந்து போயின. தூரத்தில் எதிலோ அவை மெல்ல முட்டி நிற்பதுபோல்—

“யாருகூட இம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்க?” என்றது ஒலிபெருக்கி.

மதுமதி எழுந்தே விட்டாள். குரல் மணலில் புதைந்ததுபோல் மெலிந்திருந்தது. ஆனால் அதில் சிரிப்பு இருந்தது.

“மச்சான்! நம்பர்! முதல்ல நம்பர்!”

“சொல்லுறேன்டி. கரையே செத்துப்போச்சோன்னு நெனச்சேன். சரி, சோளகக்கரையைத் தட்டிப் பாப்போம்னு திருப்புனா, நீ பேனு குத்திக்கிட்டு இருக்க.”

அவன் எண்களைச் சொன்னான். இரைச்சல் பாதியைத் தின்றது. மாஷிதா ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லி உள்ளங்கையில் எழுதினாள். மதுமதி அதைப் பார்த்துப் பார்த்து ஹமீதுக்குப் போனில் சொன்னாள். மறுமுனையில் அவர் கத்தியதும், ஒரு எஞ்சின் உறுமிக் கிளம்பியதும் கேட்டன.

“நங்கூரத்தைப் போட்டுப் பாத்தேன், அடி தட்டல. இழுவை ஜாஸ்தியா இருக்கு” என்றான் இர்பான். “கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் கெடக்கு. கெழக்க ஒரு கப்பலு தெரியுது. யாருன்னு தெரியல.” அதற்குப் பிறகு அவன் பேசியது பாதிப் பாதியாக வந்தது. பிறகு வார்த்தையே வரவில்லை. வடக்குக் கோபுரம் எட்டும் எல்லையைத் தாண்டி அவன் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

மாஷிதா மைக்கை விடவில்லை. “திரும்பத் தெக்குக்கு வாங்க மச்சான், தெக்குக்கு வாங்க” என்று சொல்லிக்கொண்டே மதுமதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மதுமதி பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். மஞ்சள். மஞ்சள். பெட்டியோடு இணைத்திருந்த மடிக்கணினியில் எழுத்துகள் ஓடி நின்றன. தெற்குக் கோபுரத்தின் விவரத்தைப் புதிய கார்டுக்கு ஊட்டினாள். எழுத்தொன்றை அழித்துத் திரும்ப அடித்தாள். மஞ்சள் ஒருமுறை அணைந்தது. அந்த இருட்டு நெடுநேரம் நீடித்ததாக அவளுக்குத் தோன்றியது. பிறகு பச்சை எரிந்தது.

மேசைத் திருகில் இரண்டு கரைக்கும் நடுவே ‘பொது’ என்று ஓரிடம் இருந்தது. மாஷிதா அங்கே திருப்பினாள்.

“—கேக்குதா? மாஷி? கேக்குதா?” தெற்கிலிருந்து வந்த குரல் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் இருவரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள்.

“கேக்குது. பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீக.”

“என்னத்தப் பேச? மாவு புளிக்கல. நல்லாத்தான் இருந்துச்சு.”

“பொய்யி.”

“சரி, புளிச்சுச்சு.”

சேதுராமனின் வள்ளம் கண்ணில் படும்வரை அவன் பேசினான். பட்டதும், “அந்தா வாரான். தெக்க ஒதுங்கிப் போறான், கைகாட்டுறேன்… பாத்துட்டான்” என்றான். கப்பல் பக்கத்தில் வந்ததா என்று மாஷிதா கேட்டாள். “எங்கன இருந்துச்சோ அங்கனயே நிக்கிது. நம்மளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்போல” என்றான். பிறகு, “கயிறு கட்டியாச்சு. இழுக்குறான்.”

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாஷிதா அப்போதுதான் ஆரம்பித்தாள். “எத்தனை தடவை சொன்னேன், அந்த எஞ்சினைக் கழட்டிப் பாருங்கன்னு? காதுல போட்டீகளா? உங்களுக்கு எஞ்சினும் நானும் ஒண்ணு, கத்துனாக் கத்தட்டும்னு விட்டுட்டுப் போறது…” திருகு பொதுவில் இருந்தது. தென்கடலில் இருந்த எல்லா வள்ளங்களும் அதைக் கேட்டன. “இன்னும் நாலு போடு மாஷிதா!” என்று யாரோ இடையில் கத்தினார்கள். வேறு யாரோ விசிலடித்தார்கள். காலையில் மாஷிதாவின் தோள்களில் மட்டும் கண்ட அந்தச் சிரிப்பு இப்போது அறையை நிறைத்தது.

“அந்தப் பொண்ணு கிட்டக்க இருக்கா?” என்று இர்பான் கேட்டான். “குடு.”

மாஷிதா மைக்கை நகர்த்தினாள். மதுமதி அதை அழுத்தினாள். “அண்ணே, என்னாலதான்…”

“அது தெரியும். ஹமீது காக்கா கரையில இந்நேரம் கதை கட்டிருப்பாக. அத விடுங்க. ஒண்ணு சொல்லணும். லைன் போச்சுல்ல, அப்ப எஞ்சினும் இல்ல, செட்டும் இல்ல. சத்தமே இல்ல. கடலு திடுக்குன்னு பெருசாயிருச்சு. இத்தனை வருசத்துல அப்படிப் பாத்ததே இல்ல. பயந்துட்டேன் தங்கச்சி. ஆனா நல்லாவும் இருந்துச்சு.”

“ம்” என்றாள் மதுமதி. அந்த ‘ம்’ இரண்டு கடல்களுக்கும் போனது.

கரைக்கு வந்துவிட்டான் என்று ஹமீது போனில் சொன்னபோது ஜன்னலில் வெயில் சாய்ந்து, உடைமரத்தின் நிழல் சுவரேறியிருந்தது. மாஷிதா கொஞ்ச நேரம் உள்ளங்கையில் கலைந்துபோன எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மத்ததையும் மாத்தணும்ல?” என்றாள்.

“நாளைக்குக்கூட வாரேன்க்கா.”

“எதுக்கு? வந்தது வந்தீக, முடிச்சுட்டே போங்க.”

மதுமதி பட்டையைக் கட்டிக்கொண்டு மேல் ஸ்லாட்டின் முன் உட்கார்ந்தாள். கார்டின் திருகில் கையை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். மாஷிதா மேசைத் திருகை வடக்குக்குத் தள்ளி மைக்கை அழுத்தியிருந்தாள்.

“அக்காள்மடத்துலயிருந்து பேசுறேன். சோளகக்கரை லைன் கொஞ்ச நேரம் இருக்காது. யாரும் இருந்தாச் சொல்லுங்க.”

மைக்கை விட்டாள். ஆளில்லாத கடலின் இரைச்சல் அறைக்குள் வந்தது. இருவரும் அசையாமல் கேட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே கேட்டார்கள்.

“யாரும் இல்ல” என்றாள் மாஷிதா. “கழட்டுங்க.”